இருப்பதை மட்டும் சொல்

இரவு ஒன்றே முக்கால்.
சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
எஞ்சின் உறையாமலிருக்க
வெளிச்சுவர்ப் பிளக்கில் கட்டிப்போட்ட மாடு போல என் கார்.
உள்ளே, மேசைமேல், உள்ளங்கை அகலப் பலகை.
மின்சாரம் கொடுத்த மூன்றாம் நொடியில்
கெர்னல் கண்விழிக்கிறது,
எந்த வீடு, எத்தனை அறை என்று தெரியாமல்.

யு.எஸ்.பி.யில் வந்து செருகிக்கொள்பவை
வாய்விட்டுச் சொல்லிவிடும்:
நான் இன்னார், இன்ன கம்பெனி, இவ்வளவு மின்சாரம் வேண்டும்.
சாலிடரில் பிறந்தவை அப்படி இல்லை.
கதவெண் சொல்லித் தட்டினால்தான் திறக்கும்.
பேர் சொல்லிக் கூப்பிட்டால் அசையாது.

அதற்காக நான் எழுதுவது
வேர் மேலேயும் கிளை கீழேயுமாக ஒரு மரம்.
அந்த மரத்தில் வினைச்சொல் கிடையாது.
படி, எழுது, எழுப்பு, உறங்கவை
எல்லாம் டிரைவர் பாடு.
என் பாடு பெயர்ச்சொல்.
இங்கே ஒரு கடிகாரம்,
நொடிக்கு இருபத்துநாலு மில்லியன் துடிப்பு.
இங்கே ஒரு கம்பி,
இது தாழ்ந்தால் யாரோ அழைக்கிறார்கள்.
இங்கே நினைவகம்,
கடைசி எட்டு மெகாபைட்டைத் தொடாதே,
அது வேறொருவருடையது.

பொருத்தம் என்றும் ஒரு வரி உண்டு.
ஜோசியர் பார்க்கும் பத்து இல்லை, ஒன்றே ஒன்று.
முதலில் சில்லின் சொந்தப் பெயர்.
அதற்கு ஆள் கிடைக்காவிட்டால்
தூரத்து உறவின் பெயர்.
அதற்கும் கிடைக்காவிட்டால்
மின்சாரம் மட்டும் குடித்துக்கொண்டு
கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

கெர்னலுக்குச் சந்தேகப்படத் தெரியாது.
போன வருடம் ஒன்று புள்ளி எட்டு வோல்ட்டை
மூன்று புள்ளி மூன்று என்று எழுதிவிட்டேன்.
அப்படியே நம்பியது.
கேமராச் சில்லு புகையில் பதில் சொன்னது.

இன்றைக்குப் புகை இல்லை. ஒரு வரிதான்:
வெப்ப சென்சார், தோல்வி, மைனஸ் நூற்று இருபத்தொன்று.
வெளியே இருக்கும் குளிரைவிடக் குளிரான எண்.
பதினோரு மணியிலிருந்து அதே வரி.
டிரைவரைத் திட்டினேன். கம்பைலரைத் திட்டினேன்.
கேபிளை மாற்றினேன், காபியை மாற்றினேன்.
ஒன்றரைக்குத்தான் லென்ஸை எடுத்துக் குனிந்தேன்.

வரைபடத்தில் அந்தக் கால் தரையைத் தொடுகிறது.
பலகையில் மூன்று புள்ளி மூன்று வோல்ட்டைத் தொடுகிறது.
டரஸ் ஹ்ரிட்சாக், இரண்டாம் பதிப்பில்,
இடம் போதவில்லை என்று நகர்த்தியிருக்கிறான்.
காலை நகர்த்தினவன் படத்தை நகர்த்தவில்லை.
நாற்பத்தெட்டு எண் கதவை மூன்று மணி நேரம் தட்டியிருக்கிறேன்;
சென்சார் நாற்பத்தொன்பதில் குடியிருக்கிறது,
ஒரு குற்றமும் செய்யாமல்.

திருத்தம் ஒரு இலக்கம், இரண்டு இடத்தில்:
பெயரில் ஒருமுறை, முகவரியில் ஒருமுறை.
மேலே ஒரு குறிப்பும் தமிழில் எழுதினேன்:
'டரஸின் படத்தை நம்பாதே, பலகையைப் பார்.'
கம்பைலர் அதைத் தின்றுவிடும்.
கெர்னலுக்கு ஒரு எழுத்தும் போய்ச் சேராது.
பரவாயில்லை, அது அடுத்து இங்கே குனியப்போகிறவருக்கு.
அது நானாகவே இருக்கலாம்.

மறுபடி மின்சாரம். மூன்றாம் நொடி.
இருபத்தொன்று புள்ளி ஐந்து.

மார்ச்சில் இந்தப் பலகை மெல்ஃபோர்ட்டுக்குப் போகும்,
ஓர் இரும்புக் குதிருக்குள்,
கனோலா உள்ளுக்குள் புழுங்குகிறதா என்று சொல்ல.
இப்போதைக்குச் சென்சார்மேல் விரலை வைக்கிறேன்.
இருபத்துநாலு. இருபத்தேழு. முப்பது.
என் விரலுக்கு அந்த மரத்தில் கிளை இல்லை,
முகவரி இல்லை, பொருத்தமும் எழுதவில்லை.
முப்பத்தொன்று என்கிறது கெர்னல்,
மைனஸ் இல்லாமல்.